வெப்பம் காக்கும் சுவர்

உண்ண உணவும் உடுக்க உடையும் பெற்ற மனிதன் அடுத்து நாடுவது உறைவதற்கு ஓர் இல்லம். மழையைத் தடுக்கக் கூரையும் கள்வரைத் தடுக்கக் கதவும் அமைந்துவிட்டால் இல்லம் நிறைவெய்திவிட்டது என்று கருதுவோர் உளர். சுவர் என்பது கூரையைத் தாங்குதற்கும், உள்ளே நடப்பதை வெளியார் காணாமல் மறைத்தற்கும் எழுப்பப்படுவது என்பது அவர்தம் எண்ணம். ஆயின் சுவருக்கு மூன்றாவதாக ஒரு பணியும் உண்டு. வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே விடாமலும், உள்ளேயுள்ள வெப்பத்தை வெளியே விடாமலும் காத்தலே அப்பணி.

வெப்ப நாடுகளில் இப்பணியைச் சுவர் சரிவரச் செய்யாவிடில் உறக்கம் கெடும்; புழுக்கம் மிகும். குளிர் நாடுகளிலோ உயிருக்கே ஊறு நேரும். கானடா நாட்டின் உட்பகுதியிலுள்ள சமவெளிகளில் பனிக்காலத்து இரவுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 30 பாகைக்கும் தாழ்ந்துவிடுவதுண்டு. அங்கே வீட்டினுள் வெப்பநிலை 20 பாகையாக இருக்க வேண்டுமாயின், சுவரின் இருபுறத்துக்கும் இடையே 50 பாகை வேறுபாடு நிற்கும். கணப்பில் எண்ணெயோ நிலக்கரியோ எரிவளியோ இடைவிடாது எரிந்துகொண்டே இருந்தாலன்றி இவ்வேறுபாடு நிலைபெறாது. சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் வெளியே ஒழுகுகின்றதோ அவ்வளவு எரிபொருளைக் கணப்பில் இட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பவன் நிலையும் அவ்வீட்டுக்காரன் நிலையும் ஒன்றே.

குடத்தின் ஓட்டையை அடைப்பதை விட்டு, மேன்மேலும் நீர் மொண்டு ஊற்றுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. எரிபொருள் மலிவாகக் கிடைத்ததே அதற்குக் காரணம். 1973-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மேற்காசியாவில் போர் மூண்டது. அதனையொட்டி எண்ணெய் வளமிக்க அரபு நாடுகள் தம் ஏற்றுமதியைக் குறைத்தன. சில திங்களுக்குள் எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இல்லங்களைச் சூடாக்குவதே பெருஞ்செலவாயிற்று. அப்போதுதான் சுவரின் மூன்றாம் பணி அறிஞர்தம் கருத்தை முழுமையாக ஈர்த்தது.

வெப்பம் சுவரைக் கடந்து செல்லும் முறையை முதலில் அறிதல் வேண்டும். வெப்பம் எப்போதும் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே செல்லும். கடத்தல், சலனம், கதிர்வீசல் என அது செல்லும் வழிகள் மூன்று. அடுப்பிலிட்ட இரும்புக் கரண்டியின் காம்பு சுடுவது கடத்தலால். கொதிக்கும் நீர் மேலும் கீழுமாகப் புரள்வது சலனத்தால். வெயிலில் நிற்பவனை ஞாயிறு சுடுவது கதிர்வீசலால். சுவரின் உடலுக்குள் வெப்பம் பெரும்பாலும் கடத்தலாலேயே செல்லும். எல்லாப் பொருள்களும் வெப்பத்தை ஒரே அளவாகக் கடத்துவதில்லை. செம்பு முதலிய உலோகங்கள் எளிதிற்கடத்திகள். மரமும் கம்பளியும் பஞ்சும் அரிதிற்கடத்திகள். கல், செங்கல், கான்கிரீட்டு ஆகியவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை.

வலிய பொருளே வெப்பத்தையும் நன்கு தடுக்கும் என்று தோன்றுவது இயல்பு. உண்மை இதற்கு மாறானது. 23 சென்டிமீட்டர் கனமுள்ள செங்கற்சுவர் ஒன்று எவ்வளவு வெப்பத்தைத் தடுக்குமோ அவ்வளவைத் தடுக்க, 4 சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த கனமுடைய மென்மரப் பலகை போதும். அதே வேலையைக் கான்கிரீட்டால் செய்ய வேண்டின், சுவரின் கனம் அரை மீட்டருக்கும் மிகுதல் வேண்டும். கண்ணாடியையோ பாறையையோ உருக்கி நூலாக இழுத்துச் செய்யப்படும் கனிமப் பஞ்சு என்னும் பொருளோ, ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்திலேயே அவ்வேலையை முடித்துவிடும். யானையின் வேலையைப் பஞ்சு செய்கின்றது!

இவ்வியப்புக்குக் காரணம் பஞ்சன்று; பஞ்சிழைகளுக்கிடையே அடைபட்டுக் கிடக்கும் காற்றேயாகும். அசையாத காற்று செங்கல்லைவிட 25 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைத் தடுக்கவல்லது. 'அசையாத' என்னும் சொல்லை இங்கே ஊன்றிக் கருதுதல் வேண்டும். காற்றை அதன் போக்கில் விட்டால், சூடான பகுதி மேலே எழும். குளிர்ந்த பகுதி கீழே இறங்கும். இச்சலனத்தால் வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குச் சுமந்து செல்லப்படும். காற்றை நுண்ணிய அறைகளில் சிறைப்படுத்தினால் இவ்வோட்டம் நின்றுவிடும். ஆட்டின் உரோமமும் பறவையின் இறகும் செய்வது இதுவே. குளிரில் பறவைகள் தம் இறகுகளைச் சிலிர்த்துப் பந்துபோல் அமர்ந்திருப்பதும் மிகுதியான காற்றை இறகுகளிடையே அடைத்துக்கொள்ளும் பொருட்டே. வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் பனிப்பாளங்களை அடுக்கி வீடு சமைத்தனர். பனியாலாய வீட்டில் குளிர் தாங்குமோ என்று ஐயுறுவோர், கெட்டிப்பட்ட வெண்பனியின் உள்ளே பெரும்பகுதி காற்றே அடங்கியுள்ளது என்பதை நினைத்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மணற்குன்றுகள் என வழங்கும் பகுதி ஒன்று உளது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி அங்கே குடியேறியவர்க்கு வீடு கட்ட மரம் அகப்படவில்லை. அவர்கள் வைக்கோலையும் உலர்ந்த புல்லையும் எந்திரத்தால் அழுத்திக் கட்டிய பொதிகளைச் செங்கற்களைப்போல் அடுக்கிச் சுவராக்கி, இருபுறமும் சாந்து பூசினர். வறுமையால் பிறந்த அச்சுவர், செல்வர்தம் மரச்சுவரைவிடக் குளிரை நன்றாகத் தடுத்தது. அம்முறையில் 1928-ஆம் ஆண்டு ஆர்தர் என்னும் சிற்றூரில் எழுப்பப்பட்ட தேவாலயம் ஒன்று இன்றும் நிற்கின்றது. வைக்கோலைச் சுவராக்குவது நகைப்புக்குரியது என எண்ணுவோர் அதனைக் கண்டு தெளியலாம்.

எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் தோன்றிய வீடுகளுள் குறிப்பிடத்தக்கது, கானடாவின் சஸ்காச்சுவான் மாநிலத் தலைநகராகிய ரெஜைனாவில் 1977-ஆம் ஆண்டு கட்டப்பட்ட வீடு. அம்மாநில அரசினர் ஞாயிற்றின் வெப்பத்தால் இயங்கும் வீடு ஒன்றைக் கட்டிக் காட்டுமாறு ஆராய்ச்சியாளரைப் பணித்தனர். ஹரால்டு ஆர் முதலிய பொறிஞர்கள் கணக்கிட்டுப் பார்த்தனர். அவ்வூரில் வெப்பம் மிகவும் வேண்டப்படும் பனிக்காலத்தில் பகற்பொழுது குறுகியது; ஞாயிறும் வானில் தாழ்ந்தே செல்லும். ஆதலின், வெப்பத்தைத் தேடித் திரட்டுவதைவிட உள்ள வெப்பத்தை இழவாமல் காப்பதே அறிவுடைமை என்று அவர்கள் முடிவு செய்தனர். சுவரை இரண்டு மரச்சட்ட வரிசைகளாக அமைத்து, இடைவெளி முழுவதையும் காப்புப்பஞ்சால் நிறைத்தனர். சுவரின் கனம் ஏறத்தாழ ஓரடி. கூரையில் இட்ட பஞ்சு அதனினும் மிகுதி. காற்றுப் புகாதபடி வீடு முழுவதையும் பாலித்தீன் படலத்தால் சுற்றி, ஒவ்வோர் இணைப்பையும் கருத்துடன் ஒட்டினர்.

இங்கே ஒரு வினா எழும். காற்றுப் புகாத வீட்டில் மக்கள் மூச்சுவிடுவது எங்ஙனம்? அதற்கும் அவர்கள் வழி கண்டனர். அழுக்கடைந்த சூடான காற்றை ஒரு விசிறி வெளியே தள்ளும். தூய குளிர்ந்த காற்றை மற்றொரு விசிறி உள்ளே ஈர்க்கும். இவ்விரு காற்றோட்டங்களும் மெல்லிய தகடுகளின் இருபுறமாக ஒன்றையொன்று தொடாமல் செல்லும். அவ்வாறு செல்லும்போது வெளியேறும் காற்று தன் வெப்பத்தை உள்வரும் காற்றுக்குக் கொடுத்துவிடும். காற்று மாறும், வெப்பம் மாறாது. இவ்வமைப்புகளால் அவ்வீட்டுக்குப் பெரிய கணப்பு உலை தேவைப்படவில்லை. ஞாயிற்று வெப்பத்தைத் திரட்டும் கண்ணாடிக் குழல்களையும் அவ்வீட்டில் பொருத்தியிருந்தனர். அவை அடிக்கடி பழுதுற்றுத் தொல்லை தந்தமையால் பின்னர் அகற்றப்பட்டன. சுவரிலிருந்த பஞ்சுக்கு எவ்விதப் பழுதும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இயங்கும் உறுப்பு இல்லாத பொருளுக்குத் தேய்மானமும் இல்லையன்றோ?

இக்கருத்து ஜெர்மனியில் முழு வளர்ச்சி பெற்றது. வுல்ஃப்காங் ஃபைஸ்ட் என்னும் ஜெர்மானிய இயற்பியலறிஞரும், போ அடம்சன் என்னும் சுவீடன் நாட்டுப் பேராசிரியரும் 1988-ஆம் ஆண்டில் இதுபற்றிக் கலந்து ஆராய்ந்தனர். அதன் பயனாக டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில் நான்கு குடும்பங்கள் வாழத்தக்க ஒரு வரிசை வீடு எழுந்தது. 1991-ஆம் ஆண்டு குடும்பத்தினர் அதில் குடியேறினர். அவ்வீட்டின் சுவரில் பளுவைத் தாங்குவது 17.5 சென்டிமீட்டர் கனமுள்ள மணற்சுண்ணாம்புக் கற்கட்டு. அதன் வெளிப்புறத்தில் போர்வையென 27.5 சென்டிமீட்டர் கனத்துக்குத் தெர்மாகோல் ஒட்டப்பட்டுள்ளது. தாங்கும் உடலைவிடப் போர்த்திய போர்வை பருமனாக இருப்பதைக் காண்க. தெர்மாகோலிலும் பெரும்பகுதி காற்றே.

இச்சுவரின் பயனைச் சிறு கணக்கால் அறியலாம். சுவரின் இருபுறத்துக்கும் ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் செல்லும் என்பதே சுவரின் தரத்தை அளக்கும் அளவுகோல். பூச்சிட்ட சாதாரணச் செங்கற்சுவருக்கு இவ்வெண் ஏறத்தாழ 2. டார்ம்ஸ்டாட் வீட்டுச் சுவருக்கு 0.14. ஒரு வீட்டின் வெளிச்சுவர்ப் பரப்பு 100 சதுர மீட்டர் என்றும், உள்ளே 20 பாகையும் வெளியே சுழிக்குக் கீழே 10 பாகையுமாக வெப்பநிலை உள்ளது என்றும் கொள்வோம். வேறுபாடு 30 பாகை. செங்கற்சுவரின் வழியே வெளியேறும் வெப்பம் 6,000 வாட். ஆயிரம் வாட் மின்கணப்புகள் ஆறு இரவும் பகலும் எரிந்தால்தான் அவ்விழப்பை ஈடுசெய்ய முடியும். காப்பிட்ட சுவரின் வழியே வெளியேறுவதோ 420 வாட். அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதன் ஒருவனின் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளிப்படுகின்றது. ஆகவே, தாய் தந்தை மக்கள் இருவர் ஆகிய நால்வர் அவ்வீட்டில் இருப்பின், சுவரின் வழியே ஒழுகும் வெப்பத்தை அவர்தம் உடல்வெப்பமே பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். கூரை, பலகணி ஆகியவற்றின் வழியே நேரும் இழப்பு தனிக்கணக்கு. அவ்விடங்களிலும் அவர்கள் இதே கருத்துடன் உழைத்தனர். கூரையில் 40 சென்டிமீட்டருக்கும் மிகுந்த கனத்தில் பஞ்சை நிரப்பினர். பலகணிகளுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி இட்டனர். ஓராண்டில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு ஏறத்தாழ 10 யூனிட் வெப்பமே அவ்வீட்டுக்குத் தேவைப்பட்டது. அந்நாட்டுப் பழைய வீடுகள் பலவற்றில் இத்தேவை 150 யூனிட்டுக்கும் மேற்பட்டிருந்தது.

பஞ்சை மிகுதியாக அடைத்துவிட்டால் மட்டும் சுவர் நல்ல சுவராகிவிடாது. வேலியில் ஓர் இடைவெளி இருப்பினும் ஆடு அதன்வழியே புகுந்துவிடும். அதுபோலவே, காப்புப் போர்வையில் எங்கேனும் ஓர் இரும்புச் சட்டமோ கான்கிரீட்டு விட்டமோ ஊடுருவி நிற்குமாயின் வெப்பம் அதன்வழியே விரைந்து வெளியேறும். இத்தகைய இடத்தை வெப்பப்பாலம் என்பர். மாடி முகப்பிலுள்ள தளம் வீட்டின் உட்தளத்தோடு ஒரே கான்கிரீட்டாக இணைந்திருப்பது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உட்தளத்தின் வெப்பத்தை வெளியே வாரி இறைக்கும் அகப்பையாக அம்முகப்புத்தளம் ஆகிவிடுகின்றது. ஆதலின், நல்ல வீடுகளில் மாடி முகப்பைத் தனித் தூண்கள்மேல் நிறுத்துவர். அல்லது இணைப்பிடத்தில் காப்புப்பொருளை இடையிட்டுப் பிரிப்பர். வரைபடத்தில் ஒரு கோலைக் காப்புப் போர்வையின்மேல் வைத்து வீட்டைச் சுற்றி இழுத்துச் சென்றால், கோலை எடுக்காமலே தொடங்கிய இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது கட்டடக்கலைஞர் கையாளும் விதி. கோல் எங்கே நிற்கின்றதோ அங்கே வெப்பப்பாலம் உளது.

காற்று ஒழுகும் இடங்களைக் கண்டறிதற்கும் ஒரு முறை உண்டு. வாயிலை ஒரு திரையால் மூடி, அத்திரையில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இறைப்பர். அப்போது சுவரிலும் கூரையிலும் கதவு நிலைகளிலும் உள்ள நுண்ணிய பிளவுகளின் வழியே வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே வரும். புகை காட்டினால் அவ்விடங்கள் எளிதில் புலப்படும். சுவரைப் பூசி மூடுவதற்குமுன் இச்சோதனையைச் செய்தல் நலம். மூடியபின் கண்ட குறையைத் தீர்ப்பது அரிது.

சுவரின் பெரும்பகைவன் வெப்பமன்று, ஈரமேயாகும். கோடையில் குளிர்ந்த நீர் நிறைந்த குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதை அனைவரும் கண்டிருப்பர். அந்நீர் குவளையிலிருந்து கசிந்ததன்று. காற்றிலிருந்த நீராவி குளிர்ந்து நீரானதே. 20 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். சுழிப் பாகையில் அது 5 கிராமுக்குமேல் தாங்காது. குளிர்நாட்டு வீட்டில் சமையலாலும் குளியலாலும் மக்களின் மூச்சாலும் நீராவி மிக்க காற்று பிளவுகளின் வழியே சுவரினுள் நுழைந்தால், வெளிப்புறத்தை அணுக அணுகக் குளிர்ந்து, தான் தாங்கமாட்டாத நீராவியை நீராக விட்டுவிடும். பஞ்சு நனையும். நனைந்த பஞ்சில் காற்றின் இடத்தை நீர் கவர்ந்துகொள்ளும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்துவது. காப்பு கெடுவதோடு மரச்சட்டமும் உளுக்கும், பூஞ்சணம் படரும், அதனை மூச்சோடு உட்கொள்வோர்க்கு நோயும் வரும்.

இதனைத் தடுக்கவே குளிர்நாடுகளில் நீராவி புகாத படலத்தைச் சுவரின் உட்புறத்தில், அஃதாவது வெப்பமான புறத்தில் அமைக்கின்றனர். இவ்விதியைக் காரணம் அறியாமல் எல்லா நாடுகளிலும் பின்பற்றுவது பெருந்தவறு. கடற்கரையோரத்து வெப்ப நாட்டில் குளிர்பதன எந்திரம் இயங்கும் அறையில் வெப்பமும் ஈரமும் வெளியே மிக்கிருக்கும், உட்புறமே குளிர்ந்திருக்கும். அங்கே படலத்தை உட்புறத்தில் வைத்தால், வெளியிலிருந்து வரும் நீராவி அதன்மேல் படிந்து சுவருக்குள்ளேயே நீராகத் தங்கும். ஒரு நாட்டுக்கு மருந்தாவது பிறிதொரு நாட்டுக்கு நஞ்சாகின்றது.

மழைநீரும் அவ்வாறே. கானடாவின் மேற்குக்கரையிலுள்ள வான்கூவர் நகரில் மழை மிகுதி. அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் 1980-களிலும் 1990-களிலும் கட்டப்பட்ட பல அடுக்குமாடி வீடுகளில் பலகணி ஓரங்களின் வழியாகவும் சுவர் இணைப்புகளின் வழியாகவும் மழைநீர் புகுந்தது. பழைய சுவர்களில் புகுந்த நீர் காற்றாடி உலர்ந்துவிடும். இப்புதிய சுவர்களோ இறுக மூடப்பட்டிருந்தமையால் நீர் உலர வழியில்லை. சில ஆண்டுகளில் சுவருக்குள்ளிருந்த மரம் மக்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் ஈட்டிய பொருளை வீட்டில் முடக்கியவர்கள், சுவர்களைப் பிரித்து மீண்டும் கட்டுதற்குப் பெரும்பொருள் கொடுக்க நேர்ந்தது. சிலர் வீட்டையே இழந்தனர். 1998-ஆம் ஆண்டு அம்மாநில அரசினர், முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் என்பாரை அமர்த்தி இதுபற்றி விசாரணை நடத்தினர். அதன்பின் சுவரின் வெளித்தோலுக்கும் உட்பகுதிக்கும் இடையே சிறு சந்து விட்டுக் கட்டும் முறை அங்கே பரவிற்று. வெளித்தோலைக் கடந்து புகும் நீர் அச்சந்தின் வழியே கீழே வழிந்து வெளியேறிவிடும். எஞ்சிய ஈரத்தைக் காற்று உலர்த்தும்.

ஈரத்துக்கு அடுத்த பகை நெருப்பு. தெர்மாகோலும் அதன் இனத்தைச் சேர்ந்த நுரைப்பொருள்களும் எண்ணெயிலிருந்து பெறப்படுவன, எரியும் இயல்பின. பாறைநூற் பஞ்சு எரியாது. ஆயின் அது அவற்றினும் இடத்தை மிகுதியாகக் கொள்ளும். இலண்டன் மாநகரில் கிரென்ஃபெல் கோபுரம் என்னும் 24 மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடம் கான்கிரீட்டால் ஆனது. அதன் வெளிச்சுவர்கள் வெப்பத்தை நன்கு காத்தல் வேண்டும் என்றும், அழகாகத் தோன்றுதல் வேண்டும் என்றும் கருதிப் புதிய போர்வை ஒன்றை அணிவித்தனர். அவ்வேலை 2016-இல் முடிவுற்றது. காப்புப்பொருளாக எரியக்கூடிய நுரைப்பலகையையும், அதன் வெளியே இரு அலுமினியத் தகடுகளுக்கிடையே பாலித்தீனை வைத்துச் செய்த பலகையையும் பொருத்தியிருந்தனர். 2017-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் நான்காம் மாடிச் சமையலறையில் பற்றிய தீ பலகணியின் வழியே இப்போர்வையைத் தொட்டது. அரைமணி நேரத்துக்குள் தீ கட்டடத்தின் உச்சியை எட்டிவிட்டது. மக்கள் 72 பேர் மாண்டனர். குளிரிலிருந்து காக்க அணிவித்த போர்வையே அவர்க்குக் கூற்றாயிற்று. மறு ஆண்டே, 18 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவர்களில் எரியும் பொருள்களை இடுதல் கூடாது என்று இங்கிலாந்தில் தடை விதிக்கப்பட்டது. விலையையும் கனத்தையும் மட்டும் கருதிக் காப்புப்பொருளைத் தெரிந்தெடுத்தல் எத்துணைக் கொடிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி, வெப்ப நாடுகளின் சுவரைக் காண்போம். தமிழ்நாட்டுக் கடற்கரை நகரங்களில் கோடைக்காலத்துப் பிற்பகலில் மேற்குச் சுவரைத் தொட்டால் கை சுடும். உட்புறமோ அப்போது அவ்வளவு சூடாக இராது. வெளிப்பட்ட வெப்பம் செங்கற்சுவரை ஊடுருவி உட்புறம் வந்து சேர ஏறத்தாழ ஆறேழு மணி நேரம் செல்லும். இரவு உணவு உண்டு மக்கள் படுக்கும் வேளையில் சுவர் தான் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை அறைக்குள் உமிழத் தொடங்கும். பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிருமுள்ள பாலைநிலத்தில் இக்காலத்தாழ்வு ஒரு வரம். பகல்வெப்பம் இரவுக்குளிரைப் போக்க உதவும். இரவிலும் புழுக்கம் தணியாத கடற்கரை ஊர்களில் அதுவே துன்பமாகின்றது. இத்தகைய ஊர்களில் வெப்பத்தைச் சுவருக்குள் புகவிட்டுப் பின் தடுப்பதைவிட, வெயில் சுவரின்மேல் படாமலே செய்வது மேல். அகன்ற இறவாரமும் தாழ்வாரமும் மரநிழலும் வெண்சுண்ணப் பூச்சும் இதற்கு எளிய வழிகள். இவற்றைச் செய்த பின்னரே விலைமிக்க காப்புப்பொருளை நாடுதல் முறை.

சுவரின் பொருளிலும் மாற்றம் வந்துள்ளது. சிமெண்டு, சுண்ணாம்பு, மணல் அல்லது நிலக்கரிச் சாம்பல் ஆகியவற்றின் குழம்பில் சிறிதளவு அலுமினியப் பொடியைக் கலந்தால், வளி தோன்றிக் குழம்பு பொங்கும். புளித்த இட்லிமாவு பொங்குவது போன்றது அது. பொங்கியதை அறுத்து அழுத்தமிக்க நீராவியில் வேகவைத்தால், உள்ளே நுண்ணறைகள் நிறைந்த இலேசான கல் கிடைக்கும். சுவீடன் நாட்டினராகிய ஜோஹான் ஆக்செல் எரிக்சன் 1920-களில் கண்ட முறை இது. ஏ.ஏ.சி. கல் என இன்று கடைகளில் விற்கப்படுவது இதுவே. செங்கல்லின் எடையில் இது பாதிக்கும் குறைவு; வெப்பத்தைக் கடத்துவதிலோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நீரை எளிதில் உறிஞ்சுதல் இதன் குறை. ஆதலின் வெளிப்பூச்சில் வெடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இந்திய அரசினர் 2018-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் எக்கோ நிவாஸ் சம்ஹிதை என்னும் கட்டட நெறிமுறையைக் குடியிருப்புகளுக்கென வெளியிட்டனர். குளிர்மிக்க மலைப்பகுதிகள் நீங்கலான இடங்களில், கூரை நீங்கிய வெளிப்புறத்தின் வழியே ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் வீட்டினுள் புகுதல் ஆகாது என்பது அதன் வரம்புகளுள் ஒன்று. சுவரின் பொருள், பலகணியின் அளவு, நிழல், திசை ஆகிய அனைத்தையும் சேர்த்தே இக்கணக்கு இடப்படும்.

எளியோரும் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்றைப் பரப்பியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-ஆம் ஆண்டு பிறந்த இக்கட்டடக்கலைஞர் 1945-இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டு, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அவர் மிகுதியாகக் கையாண்டது எலிப்பொறிக் கட்டு எனப்படும் செங்கல் வேலை. வழக்கமான சுவரில் செங்கற்கள் படுக்கையாக வைக்கப்படும். இதில் அவை பக்கவாட்டில் நிறுத்தி வைக்கப்படும். 7.5 சென்டிமீட்டர் கனமுள்ள கல் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக நிற்க, 23 சென்டிமீட்டர்ச் சுவரின் நடுவே 8 சென்டிமீட்டர் வெற்றிடம் கூடு கூடாக அமையும். குறுக்கே நிற்கும் கற்கள் இரு புறத்தையும் பிணைக்கும். செங்கற்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும், கலவையும் குறையும், வெப்பமும் ஓரளவு தடைப்படும். பஞ்சடைத்த சுவருக்கு இஃது ஈடாகாது. குறுக்குக் கற்கள் வெப்பப்பாலங்களாகவே நிற்கின்றன. கூட்டிலுள்ள காற்றும் முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. ஆயினும் செலவைக் கூட்டாமல், குறைத்துக்கொண்டே பயன்தரும் முறைகள் உலகில் மிகச் சில.

இக்கட்டு கைத்திறனை வேண்டுவது. அடிவரிசையும், பலகணியின் அடியிலும் மேலிலும் வரும் வரிசைகளும், கூரையைத் தாங்கும் வரிசையும் வெற்றிடமின்றிக் கெட்டியாகக் கட்டப்படும். மூலைகளிலுள்ள கூடுகளில் கம்பியை நிறுத்திக் கான்கிரீட்டால் நிரப்பிச் சுவருக்கு வலுவூட்டுவதும் உண்டு. மற்றக் கூடுகள் வெறுமையாகவே இருத்தல் வேண்டும். கலவை அவற்றுள் விழுந்து நிறைந்தால், வெற்றிடத்தால் வரும் பயன் அவ்வளவும் போய்விடும். ஆதலின், தேர்ந்த கொத்தனார் 8 சென்டிமீட்டர் அகலமுள்ள மரச்சட்டம் ஒன்றைக் கூட்டின் வாய்மேல் வைத்து மூடிக்கொண்டே கலவையைப் பரப்புவார். பரப்பி முடித்ததும் சட்டத்தை உருவி அடுத்த கூட்டின்மேல் வைப்பார்.